ஆறாம் பக்கத்துக் கையெழுத்து

ஜெராக்ஸ் அக்காவிடம் சிரித்த முகத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் இரண்டாம் முறை அப்படிப் போவதில்லை. மருத்துவக் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, வெளிநாட்டு மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தில், ஒரே ஷட்டர் அகலத்துக்கு அவள் கடை. இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரிண்டர், சுவரோடு அடுக்கிய காகிதக் கட்டுகள், நடுவில் கைப்பிடி உடைந்த சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் நாற்பத்தொரு வயதில், இரண்டு புருவத்துக்கும் நடுவே நிரந்தரமாக விழுந்த ஒரு கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். சான்றிதழை மடக்கிக் கொடுத்தால் திட்டு. ஸ்டேப்ளர் பின்னை எடுக்காமல் கொடுத்தால் திட்டு. "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு அவன் தொலைந்தான். மற்றவர்களுக்கு மூக்குக்கு மேல் வரும் கோபம் இவளுக்கு நெற்றியிலேயே குடியிருந்தது.

ஊரில் அவளுக்கு வேறு பட்டம். அங்கே அவள் டாக்டரம்மா. கேலிக்கு வைத்த பெயரில்லை, நம்பித்தான் கூப்பிட்டார்கள். இருபத்துமூன்று வருடத்துக்கு முன் டாக்டருக்குப் படிக்க விமானம் ஏறிய பெண், படித்து முடித்து அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், தலை நிமிர நேரமில்லை, அதனால்தான் வருவதில்லை என்பது வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பதினெட்டு வருடமாக லீவே கிடைக்காத டாக்டர்! கேட்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. டாக்டர் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், நம் ஆட்களுக்கு அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றாது.

நடந்தது இதுதான். அவள் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை, விடுதி வாசலில் பஸ் வந்து நின்றது. அவளை அழைத்து வந்த ஏஜென்ட் இறங்கினான். "இதைவிட நல்ல காலேஜுக்கு மாத்தியிருக்கேன், பெட்டியைக் கட்டுங்க" என்றான். நான் மாற்றச் சொல்லிக் கேட்கவே இல்லையே என்றாள். அவன் ஒரு காகிதத்தைக் காட்டினான். வந்த முதல் வாரத்தில், அந்த ஊர் மொழியில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டிக் கையெழுத்து வாங்கினான் அல்லவா, அதில் ஒன்று. என் பெயரில் லீவு கேட்க, கல்லூரி மாற, படிப்பை விட்டு விலக, எல்லாவற்றுக்கும் இவரே மனுப் போடலாம் என்று எழுதி, அடியில் அவள் கையெழுத்து அழகாக இருந்தது. புதுக் கல்லூரி தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் அந்தக் கல்லூரியின் அனுமதி ரத்தாகி, கேட்டில் பூட்டுத் தொங்கியது. தொடங்கிய கல்லூரியிலேயே படித்து முடிக்காதவர்களுக்கு ஊரில் டாக்டராகப் பதிவு கிடையாது என்றார்கள். அவளிடம் மிச்சமிருந்தது ஒரு வெள்ளைக் கோட்டு.

அப்பாவிடம் சொல்லிவிட மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் அவர் முந்திக்கொண்டார். வங்கி மேனேஜர் எழுந்து நின்று பேசினாராம், டாக்டர் அப்பா என்று நாற்காலி போட்டாராம். சொல்லாமலே வைத்துவிட்டாள். நான்காவது தடவை போன் அங்கிருந்து வந்தது, அப்பா போய்விட்டார் என்று. அதன் பிறகு யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஆறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு துவைத்தாள். அங்கேதான் ஏஜென்ட் அவளைத் தேடி வந்தான். இதற்குள் அவன் வளர்ந்து, கல்லூரிக்கு எதிரே விடுதியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினான். மாணவர்கள் அவனைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும். "அப்பா ஊர்ல இருக்கார், இங்க உங்களுக்கு நான்தான் பெரியப்பா" என்பது விமான நிலையத்தில் அவன் பேசும் முதல் வசனம். சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். அந்த உறவுமுறைக்கு இதைவிடக் கேவலம் எந்தக் காலத்திலும் நேர்ந்திருக்காது. தலையைத் தடவுவான், கண்ணு என்பான், பிறந்தநாளைக் கேட்டு வைத்துக்கொண்டு கேக் வெட்டுவான். கழுத்தை அறுப்பவன் ஒருவன் இவ்வளவு சென்ட் போட்டுக்கொண்டு அலைந்து பார்த்ததில்லை.

"உனக்கு நடந்ததை நெனைச்சா வருத்தமா இருக்கும்மா" என்றான் அவளிடம், யாரோ மூன்றாம் மனிதன் செய்துவிட்டதுபோல. விடுதிக்குக் கீழே ஒரு கடை தருகிறேன், என் காகித வேலையைப் பார்த்துக்கொள், மீதி நேரம் உன் வியாபாரம் என்றான். மிரட்டவே இல்லை. புறப்படும்போது, உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, அங்கே நீ இன்னும் டாக்டரம்மாதானே என்று மட்டும் கேட்டான். கேட்டது போதுமானதாக இருந்தது.

அப்படி வந்து உட்கார்ந்தவள்தான், பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. வேலை இது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்திறங்கிய மறுநாள், ஆளுக்குப் பதினொரு பக்கம் படிவம் தயாராக வேண்டும். எல்லாம் அந்த ஊர் மொழி. பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. அதனால் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள். கடைக்குப் பக்கத்துக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குறி கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்திடுவார்கள். பிறகு அவள் குறியை அழித்து, நகல் எடுத்து, கட்டிக் கொடுப்பாள். கட்டு கல்லூரி ஆபீசுக்குப் போகும். அதில் ஆறாம் பக்கம்தான் அந்தக் காகிதம், அவளை பஸ்ஸில் ஏற்றிய அதே காகிதம்.

ஏழு வருடம் அந்தப் பக்கத்திலும் குறி போட்டாள். மறைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை, போட்டாள். நான் போடாவிட்டால் வேறொருத்தி போடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டாள். ஏழாம் வருடம் ஒரு காலையில் விடுதி வாசலில் பஸ் நின்றது. இருபது, இருபத்திரண்டு பேர் போர்வையும் பெட்டியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் ஓடிவந்து கடையில் நின்றாள். வீட்டுக்கு எழுதணும் அக்கா, எந்த ஊருக்குப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, எந்த அட்ரஸ் எழுதுவது என்றாள். ஜெராக்ஸ் அக்கா அன்றைக்குப் பதிலுக்குத் திட்டக்கூட இல்லை. ஷட்டரை இறக்கினாள், அன்று முழுவதும் திறக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து ஆறாம் பக்கத்தில் குறி போடவில்லை. அவள் செய்ததெல்லாம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது, ஏனென்றால் குறி இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவதில்லை. ஆபீஸ் குமாஸ்தா பக்கத்தை எண்ணி வாங்குவானே தவிரப் புரட்டிப் பார்ப்பவனில்லை. போன வருடம் ஏஜென்ட் ஒரு கூட்டத்தை மாற்றப் பார்த்தபோது, எந்தக் கோப்பிலும் கையெழுத்தில்லாமல் கல்லூரி முடியாது என்றுவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளைத் தொலைத்துவிட்டு வெறும் தாளைச் செருகிவிட்டாயா என்று குமாஸ்தாவை அவன் பிடித்த பிடி இருக்கிறதே! அந்த ஆள் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். ஜெராக்ஸ் அக்கா குனிந்த தலை நிமிராமல் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இந்த நிலையில்தான் அண்ணன் போன் செய்தான். அவன் மகளுக்கு ஊரில் சீட் கிடைக்கவில்லை, இங்கேதான் அனுப்புகிறான், எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது. எந்த ஏஜென்ட் என்றாள். சொன்னான். அவனேதான். வேண்டாம் என்றாள், அந்த ஆள் சரியில்லை என்றாள், கத்திப் பார்த்தாள். ஏன் என்று கேட்டபோது, சரியில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நீ மட்டும் டாக்டர் ஆகலாம், என் பொண்ணு ஆகக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

வரட்டும், ஆறாம் பக்கம்தான் என் கையில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அண்ணன் மகள் படிப்பு பிழைத்துக்கொள்ளும், நாமும் எதையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று நம்பினாள் பாருங்கள், அங்கேதான் தப்பு.

அண்ணன் மகள் வந்திறங்கினாள். பத்தொன்பது வயது, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, கேள்வி கேட்கும் கண். அத்தையைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் கடையைப் பார்த்தாள், பிறகு மிஷினைப் பார்த்தாள், கடைசியாக அத்தையைப் பார்த்தாள். கையில் ஏஜென்ட் ஊரில் கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகம். அதன் அட்டையில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் அக்கா படித்த இரண்டாம் வருடத்தில் எடுத்த அவள் படம். அடியில் டாக்டர் என்று போட்டு அவள் பெயர், அவள் தெருப் பெயர் முதற்கொண்டு அச்சடித்திருந்தார்கள். பழைய கோப்பிலிருந்து எடுத்திருக்கிறான், பாவி.

"டாக்டரா இருந்துட்டு எதுக்கு ஜெராக்ஸ் எடுக்கறீங்க?" என்று கேட்டாள் அண்ணன் மகள். ஆஸ்பத்திரி மதியத்துக்கு மேல்தான், காலையில் இது என்று அத்தை ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அந்தச் சமாதானத்தை நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை கூடத்தில் நாற்பது பேர். நாற்பது கட்டுப் படிவம், நாற்பது நீலப் பேனா. ஏஜென்ட் வாசலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெராக்ஸ் அக்கா வரிசைக்கு நடுவே நடந்து, குறி கண்ட இடத்தில் மட்டும் போடுங்க, வேறெங்கும் கிறுக்காதீங்க என்று வழக்கம்போல் கடிந்துகொண்டு வந்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் கையைத் தூக்கும் வரைக்கும்.

"அத்தை, ஆறாம் பக்கத்துல மார்க் பண்ண மறந்துட்டீங்க. கீழ கோடு இருக்கு, காலியா இருக்கு. நான் போட்டுட்டேன்." சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கட்டைப் புரட்டிக் காட்டினாள். பிறகு எழுந்து நின்று கூடம் முழுவதற்கும் கேட்கும்படி, எல்லாரும் ஆறாம் பக்கத்தைப் பாருங்க, கையெழுத்து விட்டுப்போயிருக்கு என்றாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஐந்து வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். பரீட்சைத் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் மார்க் போச்சு. தெரியாவிட்டாலும் எதையாவது நிரப்பு. இரண்டு வருடம் கோச்சிங் சென்டரில் காலை ஆறு மணிக்குப் போய் அதையேதான் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது பேரும் அப்படியே வளர்ந்தவர்கள். மடமடவென்று ஆறாம் பக்கம் புரண்டது. ஐந்து வருடத்து வேலை அரை நிமிடத்தில் மண்ணாய்ப் போனது.

ஏஜென்ட் நிமிர்ந்து பார்த்தான். நடந்து வந்து அந்தப் பெண்ணின் கட்டை எடுத்தான். ஆறாம் பக்கத்தைப் புரட்டினான். பிறகு இன்னொரு கட்டு, இன்னொன்று. எல்லாவற்றிலும் மற்ற இடத்தில் குறி இருந்தது, அங்கே மட்டும் இல்லை. போன வருடம் குமாஸ்தாவைத் திட்டியது அவன் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

"உன் அண்ணன் பொண்ணு கெட்டிக்காரி" என்றான். அண்ணன் மகள் பெருமையாகச் சிரித்தாள்.

நகல்கூட எடுக்க விடவில்லை. கட்டுகளைத் தானே சுமந்து எதிரே கல்லூரி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினான். சாயங்காலத்துக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும். வாயைத் திறந்தால் உன் டாக்டர் வேஷம் ஊரில் கலைந்துவிடும். இவ்வளவையும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே, போகிற வருகிற பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டே சொன்னான்.

அவள் கண் அந்த வழவழப்பான புத்தகத்தின் மேல் போயிற்று, அண்ணன் மகள் கவுண்டரில் விட்டுப்போனது. ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, இவள் டாக்டர் என்று அட்டையிலேயே அச்சடித்து விற்றவன், இவள் டாக்டர் இல்லை என்று எந்த வாயால் சொல்வான்? சொன்னால் அவன் கடைதானே முதலில் மூடும்? பன்னிரண்டு வருடமாக ஒன்றுமில்லாத பூச்சாண்டிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தோமா என்று நினைத்தபோது அவளுக்கு அவன் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் தன் மேலேயே வந்தது.

"நீ சொல்ல வேண்டாம்டா. நானே சொல்றேன்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை டா போட்டாள்.

ஆறாம் பக்கத்தை அவளைப்போல் படித்தவர்கள் யாரும் கிடையாது. அதன் கடைசி வரி பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்திட்டவர் தன் கையாலேயே எழுதி, பதிவாளர் ஆபீஸ் ஜன்னலில் நேரில் கொடுத்தால் அந்த அதிகாரம் ரத்து. ஆனால் அந்தத் தாளில் கல்லூரி முத்திரை விழுவதற்குள் கொடுக்க வேண்டும். விழுந்துவிட்டால் ரத்து செய்ய அவனும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவன் போட்டாற்போலத்தான். முத்திரை மறுநாள் காலை விழும். ஜன்னல் நான்கு மணிக்கு மூடும். அப்போது மணி ஒன்று.

ஷட்டரை இழுத்துவிட்டு மாடியேறினாள். சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தட்டைத் தள்ளி வைங்க, பேனா எடுங்க என்றாள். ஆறாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகத் தமிழில் சொன்னாள். பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். நடுவில் கல்லூரி மாறினால் ஊரில் உங்கள் படிப்பு செல்லாது, ஆறு வருடமும் அப்பா அம்மாவின் பணமும் குப்பைக்குப் போகும் என்றாள். கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. பெரியப்பா அப்படிச் செய்ய மாட்டார் என்றாள் ஒருத்தி. இந்த அக்கா எப்பவும் சிடுசிடுதான் என்று சீனியர்கள் சொன்னார்கள், யாரும் காதில் வாங்காதீங்க என்றான் இன்னொருத்தன்.

அண்ணன் மகள் எழுந்தாள். அவமானத்தில் முகம் சிவந்திருந்தது. "எல்லார் முன்னாடியும் ஏன் இப்படிப் பண்றீங்க? நீங்களும் இதே ஏஜென்ட்கிட்ட வந்து, இதே மாதிரி கையெழுத்துப் போட்டுதானே டாக்டர் ஆனீங்க?"

"ஆகல" என்றாள் அத்தை.

இவ்வளவுதான் அந்த ஒரு சொல். பதினெட்டு வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, வெளியே வந்தபோது பக்கத்து மேசைக்கு மட்டும் கேட்டது. அதனால் இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். நான் டாக்டர் இல்லை. மூன்றாம் வருடம் என்னை மாற்றினான், ஐந்தாம் வருடம் அந்தக் கல்லூரி மூடியது, அட்டையில் இருப்பது படிக்கிற காலத்தில் எடுத்த படம், அதற்குப் பிறகு நான் எந்த நோயாளியையும் தொட்டதில்லை, மூட்டை மூட்டையாக விரிப்புத் துவைத்தேன், இப்போது ஜெராக்ஸ் எடுக்கிறேன். ஐந்து வருடமாக ஆறாம் பக்கத்தில் வேண்டுமென்றேதான் குறி போடாமல் விட்டேன், நீங்கள் போட்டுக்கொடுத்துவிட்டீர்கள். சொல்லச் சொல்ல முகம் தெளிந்ததே தவிர, குரலில் கடுமை குறையவில்லை. எழுதப் போகிறீர்களா, இல்லை பஸ் வரும்வரை சாப்பிட்டுக்கொண்டிருக்கப் போகிறீர்களா என்று அதட்டினாள்.

மூலையில் ஒருவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பிறகு இரண்டு பேர். அவளுடைய சிடுமூஞ்சியைப் பார்த்தால் பொய் சொல்கிறவள் முகமாக அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மெனு எழுதும் கரும்பலகையில் அந்த ஊர் மொழியில் நான்கே வரி எழுதினாள். பிள்ளைகள் எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தார்கள்.

அண்ணன் மகள் எழுதவில்லை. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பாகிட்ட சொல்லுங்க பாப்போம்" என்றாள். பொய்யாக இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தாள் போல.

"அண்ணா, நான் டாக்டர் இல்ல" என்றாள் அத்தை.

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், "தெரியும்" என்றான்.

அத்தைக்குக் காதில் விழுந்தது புரியவே சிறிது நேரமாயிற்று. அண்ணன் பேசிக்கொண்டே போனான், போன் ஸ்பீக்கரில் இருப்பதும் மகள் கேட்பதும் தெரியாமல். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஏஜென்டே சொல்லிவிட்டானாம். பழைய கதை, இப்போதெல்லாம் அப்படி நடப்பதில்லை என்றானாம். உன் தங்கச்சி படத்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் உன் பெண்ணுக்கு ஆறு வருடம் விடுதி வாடகை கிடையாது என்றானாம். "நம்ம ஊர்ல மட்டும் உன் படத்தைப் பாத்து பதினேழு பேர் சேர்ந்திருக்காங்க. யார் குடி கெட்டுது இப்ப? என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அங்கதானே இருக்க, பாத்துக்க மாட்டியா?"

பதினெட்டு வருடம் இவர்கள் மானத்துக்காகத்தானே பொய்யைச் சுமந்தோம், அதைக் காசாக்கித் தின்றிருக்கிறானே என்று கொதித்தாள் அத்தை. அதை அவனிடம் கேட்கவிடாமல், போனையே வெறித்துப் பார்த்த அண்ணன் மகள் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பதினேழு பேர்ல ஆறு பேர் என்கூட இங்க உக்காந்திருக்காங்கப்பா" என்றாள். அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் வைத்துவிட்டாள். ஒரு மேசையில் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கண்ணீர் தாளில் விழுந்தது. துடைத்துவிட்டு வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினாள்.

மூன்றரை மணிக்குப் பதிவாளர் ஜன்னலில் முப்பத்தேழு பேர் நின்றார்கள். மூன்று பேர் வர மறுத்துவிட்டார்கள், அவர்கள் தலையெழுத்து. ஏஜென்ட் மூச்சிரைக்க ஓடிவந்தான். கண்ணு, தங்கம் என்று தொடங்கி, ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்து, கடைசியில் உங்க பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்குங்கறதை மறந்துடாதீங்க என்று கத்தினான். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். ஜெராக்ஸ் அக்கா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். முப்பத்தேழு பேருடைய பாஸ்போர்ட் உங்களிடம் எப்படி வந்தது, இங்கேயே இருங்கள் என்று அந்த அம்மாள் போனை எடுத்தாள்.

முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கையை உதறிக்கொண்டு, ரசீதை நனைக்காதே, நகல் எடுத்து வை என்று கடிந்தாள். எல்லாரும் போன பிறகு அண்ணன் மகள் வந்து படியில் நின்றாள். அத்தை வாய் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா இந்தக் கடையில இருக்கீங்கன்னு சீனியர் ஒருத்தர் சொன்னார். மார்க் போடாம விட்டது அஞ்சு வருஷம்னு நீங்க சொன்னீங்க. மீதி ஏழு வருஷம்?"

கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். தற்செயலாக விட்டதில்லை.

"போட்டேன்" என்றாள்.

"எத்தனை பேர்?"

"இருநூத்திச் சொச்சம்."

"அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

அத்தைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருநாளும் முயன்றதில்லை. தெரியாது என்று சொன்னாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், தன் அப்பா பேசியதைக் கேட்டுப் போனைப் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கி மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தாள். அத்தை அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்ல இருக்கிறது?